எண்பது காலடிகள்

நான்கு அடி எடுத்து வைத்தால் திரை ஒரு கணம் கலைந்து மீளும்; கூடவே கரகரவென்று ஓர் ஒலி கேட்கும். போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிடவைக்கும் போக்கிமான் ரெட் விளையாட்டைப் பழைய கேம் பாய் கைக்கருவியில் விளையாடியவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. நம்மோடு வரும் போக்கிமானின் உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது, நான்கு அடிக்கு ஓர் உயிர்ப்புள்ளி கழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய போக்கிமான்களில் ஒன்றான சார்மாண்டருக்கு 5-ஆம் லெவலில் மொத்தமே 18 முதல் 20 உயிர்ப்புள்ளிகள்தாம். ஒரு கீறலும் படாத உடம்போடு கிளம்பினாலும் அதிகம் போனால் எண்பது காலடிகள். அதற்குள் சிகிச்சை மையத்தை எட்டிவிட வேண்டும், அல்லது பையில் விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பதினோரு வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வீடில் என்னும் புழு.

முப்பது சென்டிமீட்டர் நீளம், 3.2 கிலோ எடை, மஞ்சளும் பழுப்பும் கலந்த உடல், உருண்டையான இளஞ்சிவப்பு மூக்கு, தலைக்கு மேல் கூர்மையான ஒரு கொடுக்கு, வாலில் இன்னொன்று. பட்டியலில் அதன் எண் 13. போக்கிமான் ரசிகர்களிடையே இதைப் புகழ்ந்து பேசுபவர்கள் மிகக் குறைவு. பேசுபவர்களும் இது பின்னாளில் பீட்ரில் என்னும் குளவியாக மாறுவதை வைத்துத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் பார்வையில், அந்த விளையாட்டின் முதல் சில மணி நேரங்களில் விளையாடுபவருக்கு உண்மையான பயத்தைக் காட்டிய ஒரே உயிரினம் வீடில்தான். அந்தப் பயம் கொடுக்கில் இல்லை, சண்டை முடிந்த பிறகும் கூடவே நடந்துவந்த விஷத்தில் இருந்தது. பின்னர் வந்த பதிப்புகள் அந்த விஷத்தை நடையிலிருந்து எடுத்துவிட்டபோது, வீடிலின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பயம் தற்செயலாக விளைந்ததல்ல. விளையாட்டில் வரும் விரிடியன் நகரில் ஒரு சிறுவன் நின்றுகொண்டிருப்பான். புழுப் போக்கிமான்கள் இரண்டு வகை, தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்பான். ஆம் என்றால், கேட்டர்பிக்கு விஷம் கிடையாது, வீடிலுக்கு உண்டு, அதன் கொடுக்கிடம் எச்சரிக்கையாக இரு என்பான். அந்த ஊர்க் கடையில் விஷமுறிவு மருந்தின் விலை 100. போக்கிமானைப் பிடிக்கும் பந்து ஒன்றின் விலை 200. கையில் இருப்பதோ கொஞ்சம் காசு. சிறுவன் சொன்னதைக் காதில் வாங்கிய பிள்ளை இரண்டு மருந்துக்காக ஒரு பந்தை விட்டுக்கொடுக்கும்; வாங்காத பிள்ளை பந்துகளாக வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகும். நான் பந்துகளாக வாங்கினேன்.

விரிடியன் காடு வளைந்து வளைந்து செல்லும் பாதை. ரெட் பதிப்பில் அங்கே வீடில்கள் மலிந்திருக்கும், கேட்டர்பி அரிது. அதன் ஜோடியான ப்ளூ பதிப்பில் இதற்கு நேர்மாறு. புல்லில் எதிர்ப்படும் வீடில்களின் லெவல் 3 முதல் 5 வரைதான். ஒரு கொட்டு பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் ஐந்தில் ஒரு முறை விஷம் ஏறும். சண்டையில் நாம்தான் வெல்வோம், புழு மயங்கி விழும், அனுபவப் புள்ளிகள் சேரும். பிறகு நான்கு அடி வைத்தவுடன் திரை கலையும். அந்த முதல் முறை, சிங்கப்பூரிலிருந்து என் அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கேம் பாய் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பயந்து, பேட்டரிகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன். சேமிக்காமல் கழற்றியதால் ஒரு மணி நேர விளையாட்டு போயிற்று. இரண்டாம் முறை விஷயம் புரிந்து, வந்த வழியே திரும்பி ஓடினேன். காட்டின் தெற்கு வாசலைக்கூட எட்டவில்லை. சார்மாண்டர் விழுந்தது, திரை கறுத்தது, இருந்த பணத்தில் பாதி போயிருந்தது. தோற்ற சண்டைக்காக அல்ல, வென்ற சண்டைக்காக அந்தத் தண்டனை.

தொடக்கத்தில் சார்மாண்டருக்குப் பதிலாகப் பல்பசார் என்னும் போக்கிமானைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கதை விளங்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் வகையிலேயே விஷம் இருப்பதால் அதற்கு விஷம் ஏறாது. அவர்கள் அந்தக் காட்டைப் பூங்காவில் உலாவுவதைப் போலக் கடந்துபோனார்கள். என் அத்தை மகன் பல்பசார்க்காரன். நான் புலம்பியபோது, அவனுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை.

வீடிலின் வடிவத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானிய மூலத்தில் கேட்டர்பியின் வகைப்பெயர் இமோமுஷி, வீடிலின் வகைப்பெயர் கெமுஷி. முன்னது மொழுமொழுவென்ற புழு; பின்னது உடலெங்கும் முடி மண்டியது, தொட்டால் அரிப்பது. நாமும் புழுவையும் கம்பளிப்பூச்சியையும் இப்படித்தான் பிரித்துப் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் மயிர்க்கொட்டி என்றே சொல்வார்கள், அந்தப் பெயரிலேயே குற்றப்பத்திரிகை இருக்கிறது. ஆனால் கெமுஷி என்று பெயர் வைத்த வீடிலின் உடலில் ஒரு முடிகூடக் கிடையாது. முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகளிடம் பட்டவர்களுக்குத் தெரியும், அது கொட்டுவதில்லை. முடி உடைந்து தோலில் தங்கிவிடுவதால்தான் அரிப்பும் தடிப்பும். பூச்சியைத் தட்டிவிட்ட பிறகும் நெடுநேரம் வேதனை நீடிப்பது அதனால்தான். வரைந்தவர்கள் முடியை விட்டுவிட்டுக் கொடுக்கை வைத்தார்கள். ஆனால் பூச்சி போன பிறகும் போகாத வேதனை என்கிற குணத்தை மட்டும் விளையாட்டின் விதிக்குள் சரியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். இதை நான் பெரிய திறமையாகவே மதிக்கிறேன். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து அலைந்தவர், நண்பர்கள் அவரைப் பூச்சி டாக்டர் என்றே அழைத்தார்கள் என்பது பலரும் அறிந்ததே. பூச்சியைக் கையால் தொட்டவர் உருவாக்கிய விளையாட்டு என்பது இந்த ஓர் இடத்தில் எனக்கு நன்றாகவே தெரிகிறது.

புழு எப்படிக் குளவியாகும், வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ அல்லவா ஆக வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான், குளவியின் இளம்புழு கூட்டுக்குள் காலில்லாமல் கிடக்கும், இலை தின்று திரியாது. ஆனால் குளவிகளின் உறவினமான ரம்ப ஈக்களின் புழுக்கள் பார்வைக்கு அச்சாகக் கம்பளிப்பூச்சி போலவே இலைமேல் ஊர்ந்து மேயும். ஆகவே வீடிலை அந்த வகையில் சேர்த்துவிடலாம் என்பது என் சொந்த வாதம். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

இனி பீட்ரில் புகழுக்கு வருகிறேன். வீடில் 7-ஆம் லெவலில் ககூனா என்னும் கூட்டுப்புழுவாகவும், 10-ஆம் லெவலில் பீட்ரிலாகவும் மாறும். 2014-இல் வந்த பதிப்புகளில் பீட்ரிலுக்கு மெகா என்னும் கூடுதல் வலிமை கொண்ட வடிவம் கிடைத்து, அதன் தாக்குதல் மதிப்பு 150-ஆகவும் வேகம் 145-ஆகவும் உயர்ந்தபோது, இத்தனை நாளும் ஏளனம் செய்தவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். ஆனால் பின்னால் வலிமையானதாக மாறப்போகிறது என்பதற்காக ஒன்றை மதிப்பது, பையன் பெரிய வேலைக்குப் போவான் என்பதற்காக மட்டும் அவனிடம் அன்பாகப் பேசுவதைப் போன்றது. வீடிலின் அடிப்படை மதிப்புகள் அனைத்தையும் கூட்டினாலும் 195-தான் வரும். கேட்டர்பிக்கும் அதே 195. எண்களில் இரண்டும் ஒன்றே. ஆனால் கேட்டர்பியைச் சந்தித்த நினைவு யாருக்காவது இருக்கிறதா? போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஆஷ் அதைப் பிடித்ததும், அது பட்டர்ஃப்ரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகி விடைபெற்றதும் நினைவிருக்கும். விளையாட்டில் அது வந்த சுவடே இல்லாமல் போய்விடும். வீடிலோ சுவடு விட்டுத்தான் போகும். அதே தொடரில் ஆஷ் பிடிக்க முயன்ற வீடில் அவனிடமிருந்து தப்பிவிடும். தொடரைப் பின்பற்றி 1998-இல் வந்த யெல்லோ பதிப்பிலும் காட்டுப்புல்லில் வீடில் கிடையாது. அந்தப் பதிப்பில் பிகாச்சு என்னும் போக்கிமானோடு தொடங்கியவர்கள் அந்தக் காட்டை விஷமில்லாத காடாகவே அறிந்தார்கள்.

விஷம் படிப்படியாகத்தான் இறங்கியது. 2006-இல் தொடங்கிய நான்காம் தலைமுறைப் பதிப்புகளில், நடக்கும்போது உயிர்ப்புள்ளி ஒன்றுக்கு வந்தவுடன் விஷம் தானாகவே முறிந்துவிடும். யாரும் மயங்கி விழுவதில்லை. 2010-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் நடைவிஷமே நீக்கப்பட்டது. விஷம் சண்டைக்குள் மட்டும் வேலை செய்தது. இதற்கான காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. விளையாட்டின் பிற்பகுதியில், நூற்றுக்கும் மேல் உயிர்ப்புள்ளி உள்ள போக்கிமான்களோடு குகைகளில் அலையும்போது, அந்தத் திரைக் கலைவு வெறும் தொல்லை. பையில் மருந்து எப்போதும் இருக்கும், எடுத்துக் கொடுக்க நான்கு பொத்தான்களை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அங்கே அதை நீக்கியதில் நட்டமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி அங்கே வாழவில்லை. அது வாழ்ந்தது 20 உயிர்ப்புள்ளியும் காலிப் பையுமாக ஒரு பிள்ளை முதல் காட்டுக்குள் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில். அதை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம்.

மாறாக நடந்ததைப் பாருங்கள். 2016-இல் கைப்பேசியில் வந்த ‘போக்கிமான் கோ’ விளையாட்டில் வீடில் தெருவெங்கும் கிடைத்தது. 12 மிட்டாய் கொடுத்தால் ககூனா, மேலும் 50 கொடுத்தால் பீட்ரில். அனுபவப் புள்ளி திரட்டுவதற்காக வீடில்களைக் கூட்டமாகச் சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் ககூனாவாக்கி, அப்படியே கழித்துக்கட்டினோம், நானும்தான். அங்கே அது உயிரினமல்ல, சில்லறை. 2018-இல் அதே விரிடியன் காட்டை அழகான முப்பரிமாணத்தில் மறுபடி கட்டினார்கள். புல்லில் வீடில் ஊர்ந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அதனோடு சண்டை கிடையாது, பந்தை எறிய வேண்டியதுதான். அங்கே நம்மோடு மோத நிற்கும் பூச்சி பிடிக்கும் சிறுவர்கள் வளர்க்கும் வீடில்களால் கொட்ட முடியும், காட்டு வீடிலால் முடியாது. தன் சொந்தக் காட்டிலேயே அது கொட்டத் தெரியாத புழுவாகிவிட்டது.

என் பழைய ரெட்டில் பல வருடங்கள் ஒரு வீடிலை வளர்த்தேன். லெவல் ஏறி அது மாறத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பி பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவேன். அந்தப் பதிப்பில் அதற்கு இரண்டே வித்தைகள்: கொடுக்கால் கொட்டும், நூல் விட்டு எதிரியின் வேகத்தைக் குறைக்கும். எத்தனை லெவல் ஏறினாலும் மூன்றாவதைக் கற்காது. 31-ஆம் லெவல் வரை கொண்டுவந்தேன். அத்தை மகன் பார்த்துவிட்டு, இதற்கு இன்னும் வேறெதுவும் வரவில்லையா என்று கேட்டான். வராது என்றேன்.

கேம் பாயில் செருகும் அந்த விளையாட்டு அட்டைக்குள் சேமிப்பைத் தாங்கி நிற்பது ஒரு சிறிய பொத்தான் பேட்டரி. சில வருடங்களுக்கு முன் அது தீர்ந்துபோய், வீடிலும் மற்ற எல்லாமும் அழிந்தன. சென்ற மாதம் அட்டையைத் திறந்து புதிய பேட்டரியைப் பற்றவைத்தேன். இந்த முறையும் சார்மாண்டரைத்தான் எடுத்தேன். விரிடியன் கடையில் மூன்று பந்தும் ஒரே ஒரு மருந்தும் வாங்கினேன். காட்டின் வடக்கு வாசலுக்கருகே, லெவல் 9-இல் ஒற்றை வீடிலை வைத்துக்கொண்டு நிற்கும் பூச்சி பிடிக்கும் சிறுவனை வென்று நான்கு அடி வைத்தேன். திரை கலைந்தது. மருந்தைப் பாதி வழியிலேயே செலவழித்திருந்தேன்.