மாரியோ ஸ்பேட்ஸி பிணந்தின்னி இல்லை

நேற்றைய லைவைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத் தொடர்கொலைகளைப் பற்றிப் பேச்சு வந்ததும், லைவ் போட்டவர் "கொலைகாரனை வைத்துப் பிழைத்தது பத்திரிகைக்காரர்கள்தான், பிணந்தின்னிகள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கீழே அத்தனை பேரும் கைதட்டியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை.

யார் பிணந்தின்னி? அந்தக் கொலைகளைப் பற்றி எழுதிய மாரியோ ஸ்பேட்ஸியா?

1968 முதல் 1985 வரை, ஃப்ளோரன்ஸைச் சுற்றி, ஊருக்கு வெளியே தனித்திருந்த 8 ஜோடிகள், 16 உயிர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே .22 பெரெட்டா துப்பாக்கி. அது இன்றுவரை கிடைக்கவில்லை. 'லா நட்சியோனே' பத்திரிகை நிருபராக 1981-லிருந்து அந்த வழக்கின் பின்னால் அலைந்தவர் ஸ்பேட்ஸி. பியெத்ரோ பச்சானி என்ற விவசாயிக்கு 1994-ல் ஆயுள் தண்டனை. 1996-ல் அப்பீலில் விடுதலை. அந்த விடுதலையும் ரத்து. மறுவிசாரணை தொடங்கும் முன் 1998-ல் ஆள் செத்தே போனார். பிறகு கூட்டாளிகள் என்று இரண்டு பேருக்குத் தண்டனை, அதற்கும் மேலே ரகசியக் கும்பல், சாத்தான் வழிபாடு என்று ஒரு கதை. 'ஆள் மாறிவிட்டது' என்று ஸ்பேட்ஸி விடாமல் எழுதினார். 2006 ஏப்ரலில் அவரையே தூக்கி உள்ளே வைத்தார்கள். விசாரணையைக் கெடுத்தாராம், ஒரு டாக்டரின் சாவிலும் அவருக்குப் பங்காம். முதல் சில நாள் வக்கீலைக்கூடப் பார்க்க விடவில்லை. 23 நாள் கழித்து கோர்ட் வெளியே விட்டது. பிணந்தின்னி இதற்கா ஜெயிலுக்குப் போவான்?

"புத்தகம் போட்டுக் காசு பார்த்தாரே" என்பீர்கள். பார்த்தார். இந்த வழக்கை வைத்து சீரியல் எடுத்தவரும் பார்க்கிறார், லைவ் போடுகிறவரும் பார்க்கிறார். எழுதுகிறவன் மட்டும் பட்டினி கிடக்க வேண்டுமா? "பத்திரிகைகள் பீதியைக் கிளப்பவில்லையா?" கிளப்பின, சரி. "அவர் சந்தேகப்பட்ட ஆள் மீதும் எதுவும் நிரூபணமாகவில்லையே?" உண்மைதான். அதைக் கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம். வசவுக்கு என்ன பதில் சொல்வது?

நானும் சின்ன ஊரில் க்ரைம் பீட் பார்த்தவன். நகைத் திருட்டு ஒன்றில் ஹோட்டல் பையனைப் பிடித்து வைத்திருந்தார்கள். சம்பவ ராத்திரி அவன் வேலையில் இருந்தான். சாம்பார் கறை படிந்த வருகைப் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்து செய்தி போட்டேன். மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, "உனக்கு எவ்வளவு பங்குடா?" என்றார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அம்மா கேட்டுக்கு வெளியே டிபன்பாக்ஸோடு நின்றாள். அவளுக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள் அந்த வார்த்தையை.

எங்கள் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேருக்கு வீட்டு வாடகை பாக்கி என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? தினமும் பேப்பரில் முதலில் க்ரைம் பக்கத்தைத்தானே புரட்டுகிறீர்கள்!

ஸ்பேட்ஸி 2016-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பதில் சொல்ல வரமாட்டார். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறும்வரை அந்த லைவ் பக்கத்துக்கு நானும் வரப்போவதில்லை.