ஊர்ப் பெயர் தொலைந்த கல்

சென்ற மாதம் எங்கள் வரலாற்று ஆர்வலர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் மஞ்சள் பையில் ஒரு கற்கோடரியைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. வழவழப்பாகத் தீட்டப்பட்ட கருங்கல். ஒரு முனை கூர்மை, மறுமுனை மொட்டை. புதிய கற்காலத்தது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆளாளுக்குக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கியதாகவும், ஜவ்வாது மலைப் பக்கம் கிடைத்ததாக அவர் சொன்னதாகவும் நண்பர் கூறினார். மலைப் பக்கம் என்றால் எந்த மலையூர், எந்தக் கொல்லை, எந்த மரத்தடி? அதற்கு விடை இல்லை.

அந்தக் கல்லை எங்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று நான் சொன்னது சிலருக்கு வருத்தமாகப் போய்விட்டது. "நாலாயிரம் வருஷத்துக் கல்லை வேண்டாம் என்கிறீர்களே" என்று கேட்டார்கள். அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

திருப்பத்தூர் வட்டத்தில் பையம்பள்ளி என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 1964-65இலும் 1967-68இலும் அங்கே அகழாய்வு செய்தது. அங்கும் இதே போன்ற தீட்டிய கற்கோடரிகள்தாம் கிடைத்தன. ஆனால் அவை எந்த மண்ணடுக்கில் இருந்தன, அவற்றோடு எந்தப் பானை ஓடு கிடந்தது, குழிவீட்டின் தரையில் என்ன இருந்தது என்பனவெல்லாம் குறிக்கப்பட்டதால்தான், அந்த மக்கள் கேழ்வரகும் கொள்ளும் பச்சைப்பயறும் அறிந்திருந்தார்கள் என்று கருகிப்போன தானியங்களை வைத்து இன்றைக்குச் சொல்ல முடிகிறது. நம் ஊர்ப்பக்கத்துக் கேழ்வரகுக் களிக்கு எத்தனை தலைமுறை வயது என்று கேட்டால் அந்த மண்ணடுக்குகள் விடை சொல்லும். மஞ்சள் பைக்குள் வந்த கோடரி எதையும் சொல்லாது. இரண்டும் ஒரே வகைக் கல். ஒன்றுக்கு இடம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. இவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் எல்லாமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் இந்தக் கற்கோடரிகளைப் பொறுக்கியெடுத்து மரத்தடியில் வரிசையாக வைத்துச் சாமியாகக் கும்பிடும் வழக்கம் உண்டு. விளக்கேற்றி, மஞ்சள் தடவி, பொங்கல் வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வரிசையிலிருந்து ஒன்று காணாமல் போய், கைமாறிக் கைமாறி நகரத்துப் பைக்குள் வந்து சேர்ந்திருக்குமானால், அது ஒரு கோயிலிலிருந்து சிலை போனதற்குச் சமம் என்பதே என் கருத்து. வாங்கிய நண்பர் நல்ல நோக்கத்தோடுதான் வாங்கினார். நல்ல நோக்கத்தோடு வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் விற்கிறவரும் இருக்கிறார்.

எங்களைப் போன்ற உள்ளூர்க் குழுக்களின் பெரிய மயக்கம் சேகரிப்பு. எங்காவது ஒரு பழைய கல்லைப் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டுவந்து பத்திரப்படுத்த வேண்டும் என்று கை பரபரக்கிறது. நானும் அப்படி இருந்தவன்தான். என்னை மாற்றியது ஒரு நடுகல். செங்கத்துக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில், ஏரிக்கரையில் பாதி புதைந்து நின்ற வீரன் கல் அது. வலக்கையில் வாள், இடக்கையில் வில், காலடியில் ஏதோ ஒரு சிறு உருவம். மேலே எழுத்து இருந்த தடயமும் தெரிந்தது. நாங்கள் நான்கு பேர் சுற்றி நின்று, இதை நகரத்துக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, "இன்னா சாமி, எங்க வேடியப்பன எத்தினு போவவா வந்துகீறீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கல்லுக்கு ஆண்டுக்கொரு முறை ஆட்டை வெட்டிப் பொங்கலிட்டுப் பாதுகாத்தவர்கள் அவருடைய வீட்டார்; எண்ணெயும் பூவும் வைத்து நூற்றாண்டுகளைக் கடத்தியவர்கள். அந்தக் கல்லைக் காப்பாற்ற வந்ததாக நாங்கள்தாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று படம் எடுத்தோம், உயர அகலம் அளந்தோம், எழுத்துகளை மைப்படி எடுத்தோம். மைப்படி எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் கழுவி, ஈரத்தாளை அதன் மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி கெட்டித் தூரிகையால் தட்டித் தட்டிப் பதித்து, பிறகு மை தோய்த்த ஒற்றியால் மேலாக ஒற்றினால், பள்ளங்கள் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும், காற்று அடித்தால் போயிற்று. சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுத்துப் படிப்பது எளிது. நாம் படிக்க நினைத்ததையே கல்லில் எழுதிவிட்டு அதையே திரும்பப் படிக்கும் வேலை அது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நடுகல் என்று பேச்செடுத்தால் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை கொள்ள உரிமை உண்டு. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலுக்குப் பிறகு தமிழ் எழுத்தின் வரலாற்றையும் பல்லவர் கால நாட்டுப்புற வாழ்வையும் பேசுகிறவர்கள் எவரும் இப்பகுதியைத் தவிர்க்க முடிவதில்லை. எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அதில் வீரனுக்கு அருகே ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயரும் பொறித்து, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். குடைவரை குடைந்த பேரரசனின் ஆட்சியாண்டும் ஒரு மாட்டுக்காரனின் பெயரும் அவன் நாயின் பெயரும் ஒரே பலகைக் கல்லில் ஒன்றாக நிற்கின்றன. இதைப் படித்த நாளில் எனக்கு மாமண்டூர், மகேந்திரவாடிக் குகைகளைவிட இந்த நாய்தான் பெரியதாகத் தோன்றியது. (வரலாற்றுப் பேராசிரியர்கள் மன்னிக்கவும்.)

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். 1985இல் தொடங்கப்பட்டு, 1999 முதல் கோட்டை வளாகத்தில் இயங்கும் இந்த அருங்காட்சியகத்தை நம்மூர்க்காரர்கள் பார்க்கும் விதம் எனக்கு எப்போதும் குறை. ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டு, அகழியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக உள்ளே நுழைந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். அப்புக்கல் என்ற ஊரில் கிடைத்த வெண்கல வாள் அங்கே இருக்கிறது. பிடியின் முனை பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். கி.மு. 400 என்று காலம் குறிக்கப்படும் அந்த வாள் நம் மாவட்டத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை அதன் முன்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு யார் சொல்வது? ஊர்ப் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் அது இன்னும் நம்முடையதாக இருக்கிறது என்பதையாவது நாம் சொல்லலாம்.

அதே அருங்காட்சியகத்தில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயர் அவனை அரியணையிலிருந்து இறக்கி, 1816இல் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இறக்கும்வரை இந்தக் கோட்டைதான் அவன் உலகம். அவன் இங்கே வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்து ஆங்கிலப் படையினரைக் கொன்றதும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அதை அடக்கியதும் இதே மதில்களுக்குள்தான். அப்போது இங்கே சிறைவைக்கப்பட்டிருந்தது திப்புவின் குடும்பம். ஒரு கோட்டை இரண்டு அரச குடும்பங்களுக்கு அடுத்தடுத்துச் சிறையானது. அந்தப் பலகையை உலகின் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது அழகான பொருளாக மட்டும் இருக்கும். அவன் நாள்களைத் தள்ளிய அதே கோட்டைக்குள் இருப்பதால்தான் பார்க்கிறவர் நெஞ்சைப் பிசைகிறது. சில பொருள்கள் அருங்காட்சியகத்துக்கு வரத்தான் வேண்டும் என்பதற்கும் இதுவே என் சான்று. நான் எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்கிறவன் அல்லன்.

நிலத்தடியில் கிடைக்கும் பொருளுக்குச் சட்டமே வழி சொல்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது ஒரு செப்புச் சிலை தென்பட்டால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பதுதான் முறை. எங்கள் குழுவுக்குப் படம் அனுப்புவது அதற்குப் பிறகுதான். நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மக்கள் மூடி மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதைத்தான் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் தம் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்று பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன். கருத்தரங்குக்குப் பேனர் அடிப்பதில் இருக்கும் ஊக்கம் இதில் இல்லை.

இன்னொரு சிக்கல் மாவட்டப் பிரிவினை. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இப்போது எங்கள் மாவட்டத்துச் சிலையை எங்களுக்கே கொடுங்கள் என்ற குரல்கள் எழுகின்றன. உணர்ச்சி நியாயமானது. ஆனால் பழைய அட்டையில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சிலையை எந்தத் திசைக்கு அனுப்புவது? ஊர், வட்டம், கண்ட நாள், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகிய நான்கையும் எழுதி, கைபேசி காட்டும் அகலாங்கையும் நெட்டாங்கையும் சேர்த்துக்கொண்டால், மாவட்டம் பத்தாகப் பிரிந்தாலும் பொருள் அநாதையாகாது.

ஊரோடு சேர்த்துப் படிக்காவிட்டால் கல்வெட்டும் தவறாகப் பேசும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது எனக்கு வாட்ஸ்அப்பில் ‘600 ஆண்டுகளுக்கு முன்பே வரதட்சணைக்குத் தடை’ என்று வந்துசேரும். படித்துப் பார்த்தால் செய்தி வேறு. படைவீட்டு ராஜ்ஜியத்தில் இருந்த கன்னட, தமிழ், தெலுங்கு, லாட அந்தணர்கள் கூடி, இனிமேல் கன்னியாதானமாகவே, அதாவது பொன் வாங்காமல் பெண்ணைத் தானமாகக் கொடுத்தே, மணம் செய்வது என்றும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்கத்துக்கும் உரியவர் என்றும் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். பணம் பெண்வீட்டுக்குப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு அல்ல. தடுக்கப்பட்டது பரியப் பணம். இவ்வளவு சுவையான உண்மையை விட்டுவிட்டு நமக்கு வசதியான பொய்யை ஏன் பரப்ப வேண்டும்? 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது அச்சாகிவிட்டது; தேடிப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

எங்கள் குழுவிடம் சேர்ந்திருக்கும் பொருள்களில் நான் மதிப்பது எது என்று கேட்டால் காசுகளைச் சொல்ல மாட்டேன். விக்டோரியா தலை போட்ட காலணாக்கள் டப்பா டப்பாவாக வந்து குவிகின்றன. கொடுக்கிறவர் முகம் வாடக்கூடாதே என்று வாங்கிவைக்கிறோம். நான் மதிப்பது தாள்கள். பங்குனி, சித்திரையில் ஊர் ஊராக நடக்கும் பாரத விழாவின் நோட்டீசுகள்: எந்த நாளில் வில் வளைப்பு, எந்த நாளில் அர்ச்சுனன் தபசு, எந்த நாளில் துரியோதனன் படுகளம், பிரசங்கி யார், எந்த ஊர்க் கூத்து ஜமா, உபயம் யார் யார் என்று பழுப்பேறிய காகிதத்தில் அச்சாகியிருக்கும். உபயதாரர் பட்டியலை ஆண்டு வாரியாக அடுக்கினால், எந்தத் தெரு எப்போது கை ஓங்கியது, தறிக்காரர் எப்போது வந்தார், தோல் மண்டிக்குப் போனவர் எப்போது பணம் அனுப்பத் தொடங்கினார் என்பதெல்லாம் தெரியவரும். குடியாத்தத்தில் ஒரு குடும்பம் கொடுத்த கைத்தறிக் கணக்கு நோட்டும் அப்படித்தான். நூல் வாங்கிய கடன் கணக்கில் ஓர் ஊரின் பஞ்ச காலமே மறைந்திருக்கிறது. இவற்றை இராமபாணப் பூச்சியிடமிருந்தும் கரையானிடமிருந்தும் காப்பாற்றுவதே எங்கள் பாதி வேலை.

வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட நோட்டீசோ, பத்திரமோ, ஓலைச்சுவடியோ இருந்தால் எங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் பார்க்க விடுங்கள்; படம் எடுத்துக்கொண்டு, எந்த ஊர், யார் வீடு, யார் கைப்பட்டது என்று நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். அதுவரை ஓலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவாதீர்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். முக்கியமாக, பாசத்தில் கொண்டுபோய் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் உரிக்க முடியாது. மஞ்சள் பை நண்பருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம்: அடுத்த கூட்டத்துக்குள் அந்த விற்பனையாளரிடம் திரும்பப் போய், கல் எந்த மலையூரிலிருந்து வந்தது என்று கேட்டுவர வேண்டும். தெரிந்துவிட்டால் அந்த மரத்தடிக்கே போய் வைத்துவிட்டு வருவோம்.