சோதனைத் தடை வேறு, சேர்மானம் வேறு
2014-லேயே அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிக்க இந்தியாவில் தடை வந்துவிட்டது, அதனால் இங்கே தயாராவதெல்லாம் வீகன்தான் (விலங்கிலிருந்து வந்த எதுவும் சேராதது) என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. அந்தத் தடை சோதனைக்கு மட்டும்தான். உள்ளே என்ன போடலாம் என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. சிவப்பு லிப்ஸ்டிக் இருந்தால் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சிஐ 75470 (CI 75470) என்ற சாய எண் இருந்தால், அது கள்ளிச்செடியில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சாயம். லானோலின் என்ற மெழுகு செம்மறியாட்டு ரோமத்திலிருந்து வருவது. இவையாவது பெயரிலேயே மாட்டிக்கொள்ளும், கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும்தான் தலைவலி: தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், கம்பெனிக்கு எழுதிக் கேட்டால்தான் உண்டு. இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், லிப் பாமில் தேன்மெழுகுக்குப் பதிலாக அதே அளவு கேண்டலில்லா என்ற தாவர மெழுகு போடச் சொல்லியிருக்கிறார். வேண்டாங்க, அது இன்னும் கெட்டியான மெழுகு, ஏறக்குறைய பாதி அளவு போதும். நான் தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெயோடு (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) உருக்கி, டப்பாவில் ஊற்றுவதற்கு முன்னால் குளிர்ந்த கரண்டியின் பின்புறம் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பார்ப்பேன்; வழுக்காமல் பிடித்து இழுத்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.