1969-உடன் முடிந்த கதையா?
ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற பிரிட்டிஷ் ஃபோக்-ராக் இசைக்குழுவின் உண்மையான வரலாறு 1969-இல் பாடகி சாண்டி டென்னியும் பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸும் விலகியதோடு முடிந்துவிட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வருடம் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டு பெரிய சாதனைதான், சரி. அதுவும் அந்த வருடம் மே மாதம் வேன் விபத்தில் 19 வயது டிரம்மர் மார்ட்டின் லாம்பிளைப் பறிகொடுத்த பிறகு எழுந்து வந்து செய்தது. ஆனால் அடுத்த வருடமே வந்த 'ஃபுல் ஹவுஸ்' இசைத்தட்டில் 'ஸ்லாத்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு நின்றதும் ரிச்சர்ட் தாம்ப்ஸனின் கிதார் ஒரு வரி சொல்லும், டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலின் அதை வாங்கி இழுத்துக்கொண்டு போகும், பின்னால் டிரம்ஸ் அவசரமே படாமல் நடந்து வரும். முதல்முறை இருட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாம்ப்ஸனும் போன பிறகு 1971-இல் வெளியான 'ஏஞ்சல் டிலைட்' இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை ஏறியதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்தக் கட்டுரையின் கீழே ஒரு நண்பர், 1979-இலேயே கலைந்துவிட்டார்களே என்று எழுதியிருக்கிறார். உண்மைதான், ஸ்வார்ப்ரிக்கின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது அதற்கு முக்கியக் காரணம். ஆனால் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் க்ராப்ரெடி கிராமத்தில் விடைபெற்ற அதே குழு அடுத்த வருடமே அங்கே திரும்பி வந்து வாசித்தது; அப்புறம் அதுவே ஆகஸ்ட் மாதத் திருவிழாவாக வளர்ந்தது.