டோனட்டுக்கு ஒரு நிமிடச் சூடு வேண்டாம்
மீந்த டோனட்டை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கினால் புதிது போலாகிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ரொட்டியோ டோனட்டோ, மாவிலுள்ள ஸ்டார்ச் குளிர்ச்சியில்தான் விரைவாக இறுகுகிறது. மூடிய டப்பாவில் வெளியிலேயே ஒரு நாள் வைப்பது எவ்வளவோ மேல். கிரீமும் கஸ்டர்டும் நிரப்பியவை கெட்டுவிடும் என்பதால் அவற்றை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்தாக வேண்டும். ஒரு நிமிடம் என்பதோ கொடுமை. ஈரமெல்லாம் ஆவியாகி, ஆறியதும் பல்லால் இழுத்துப் பிய்க்க வேண்டியிருக்கும். சர்க்கரைப் பூச்சு உள்ளதற்கு எட்டுப் பத்து விநாடிகளே போதும். பூச்சு பளபளத்து லேசாக நெகிழும்போதே எடுத்துவிட வேண்டும். இட்லிப் பானையில் ஆவி காட்டலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் புதுச்சேரிக் கடற்காற்றில் அந்தப் பூச்சு ஏற்கெனவே பிசுபிசுத்துக் கிடக்கிறது. ஆவியும் சேர்ந்தால் கரைந்து தட்டில் வழிந்துவிடும். சர்க்கரை தூவிய வகை என்றால், நான் மேலிருக்கும் சர்க்கரையைத் தட்டி உதிர்த்துவிட்டு, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வைத்து, ஒருமுறை திருப்பிப் போடுகிறேன். ஓரம் மொறுமொறுப்பாகிறது, உள்ளே பஞ்சு போல இளகிவிடுகிறது. சூடு ஆறுவதற்குள் சர்க்கரையை மறுபடி தூவினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.