பேய் வரும்போது வாசிக்காதீர்கள்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பேய்க் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இருட்டின ரப்பர் தோட்டம் ஒன்று போதும், செட்டே வேண்டாம். கெடுவது இசையில்தான். பேய் தெரிகிற நொடியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் அலறவிடுகிறோம். ஆள் திடுக்கிடுவார், அவ்வளவுதான். பயம் அதற்கு முந்தின அரை நிமிடத்தில் ஏற வேண்டியது.

விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டுகிறவருக்குப் பின்னால் யாரோ நிற்கிற 40 நொடிக் காட்சி என்று வையுங்கள். டெம்போ 60, அதாவது நிமிடத்துக்கு 60 அடி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்தில் ஒரு அடிக்கு 24 ஃபிரேம், கணக்கு சுலபம். ஆனால் அந்த அடி காதில் விழவே கூடாது. விழுந்தால் பார்ப்பவர் அடுத்த அடிக்குத் தயாராகிவிடுவார்.

முதல் 15 நொடி டபுள் பேஸின் (வயலின் மாதிரியே, ஆள் உயரப் பெரிய வாத்தியம்) ஆகக் கீழ்ச்சுருதிக் கம்பி மட்டும். அது 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் வராது. அதனால் ஒரு ஸ்தாயி மேலே செல்லோவை மெல்லச் சேர்த்துவிடுங்கள். பிறகு வயலின்கள், சத்தத்தை அடக்குகிற மியூட் போட்டு, வில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜுக்கு ஒட்டி. பக்கத்துப் பக்கத்து 8 அரைச்சுரங்கள் ஒவ்வொன்றாக நுழையட்டும்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. கீபோர்டில் குழு வயலின் சாம்பிளை (பலர் சேர்ந்து வாசித்த பதிவை) எடுத்து 8 கீயையும் அழுத்துகிறார்கள். ஒரு கீக்குள்ளேயே 14 வயலின் இருந்தால் மொத்தம் 112. பயம் போய் சர்ச் ஆர்கன் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். தனி வயலின் சாம்பிளை எடுத்து ஒவ்வொரு வரியையும் கையால் வாசியுங்கள், குவான்டைஸ் (கம்ப்யூட்டர் தாளத்தை நேராக்குவது) வேண்டாம். இரண்டு மூன்று வரிகளைச் சுருதியில் 15 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கி வையுங்கள். அந்த உரசல்தான் வயிற்றைப் பிசையும்.

பேய் தெரிவதற்கு 18 ஃபிரேம் முன்னால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயலினை மட்டும் வெட்டினால் இரண்டரை நொடி ரிவர்ப் வால் (எதிரொலியின் மிச்சம்) அந்த இடத்தை மூடிவிடும். ரிவர்ப் டிராக்கையும் அதே ஃபிரேமில் வெட்டுங்கள், கூடவே சில்வண்டுச் சத்தத்தையும். தோட்டத்தில் சில்வண்டு சட்டென்று நின்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேய் தெரிகிறபோது சிரட்டையில் பால் சொட்டுகிற சத்தம் போதும்.

கடைசியாக மகுடம். கோயில் கொடைகளில் நடக்கிற கணியான் கூத்தில் சாமிக்கு அடிக்கிற தோல் வாத்தியம் அது. கண்ட பேய்க்கெல்லாம் அதைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. கதையே கேட்டால் மட்டும் போடுங்கள், அதையும் முதலில் பதிவு செய்யுங்கள். தீயில் காய்ச்சி ஏற்றின சுருதி மழைக்காற்றில் இறங்கிவிடும். மகுடத்தின் சுருதி எங்கே நிற்கிறதோ அங்கே பேஸை மாற்றி எழுதுங்கள், கம்ப்யூட்டரில் மகுடத்தின் சுருதியை இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் சத்தம் செத்துவிடும்.