கணிதக்காரர் கேட்ட மூன்று மாதக் கூலி

நேற்று ராத்திரி நம் மொனேரோ குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அனுப்பியவர், பெற்றவர், தொகை எதையும் வெளியே காட்டாத டிஜிட்டல் நாணயமான மொனேரோவுக்கு அடுத்த மூன்று மாதம் வேலை செய்ய, நன்கொடையிலிருந்து கூலி கேட்டு ஒரு கணித ஆராய்ச்சியாளர் ப்ரொபோசல் போட்டிருக்கிறார். எத்தனை மணி நேரம், எதை முடித்தால் எந்தத் தவணை, எல்லாம் எழுதியிருக்கிறார். அதற்கு நம் ஆள் ஒருவர் சொன்னது: "உண்மையான பற்று இருந்தால் சும்மா செய்யட்டுமே." அதன் கீழே வரிசையாகக் கைதட்டல். நான் மறுத்துப் பேசினேன். "அண்ணனுக்கு இதில் எவ்வளவு கமிஷன்?" என்று கேட்டார்கள். விடிய விடியத் தூக்கம் வரவில்லை.

மொனேரோவில் சம்பளம் கொடுக்க வேறு ஆள் கிடையாது, நாம்தான். 2014 ஏப்ரலில் தொடங்கும்போதே தொடங்கியவர்கள் முன்கூட்டியே எடுத்துவைத்த நாணயம் (ப்ரீமைன்) இல்லை, நாணயம் விற்றுத் திரட்டிய முதலீடு (ஐசிஓ) இல்லை, நிறுவனர் பங்கு என்று எதுவும் இல்லை. அதைச் சொல்லித்தான் மற்ற காயின்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்துகிறோம். ஸீகேஷ் என்ற இன்னொரு ரகசிய நாணயத்தில் முதல் நான்கு வருடம், ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது பரிவர்த்தனைக் கட்டுக்கும், புதிதாகக் கிடைக்கும் நாணயத்தில் 20% நிறுவனர் தரப்புக்குப் போனது. 2020 நவம்பரில் அது முடிந்ததும் அதே 20 சதவீதத்தைக் கம்பெனிக்கு 7, ஃபவுண்டேஷனுக்கு 5, மானியங்களுக்கு 8 என்று பிரித்தார்கள். அந்த வழி வேண்டாம் என்றோம். இன்றைக்கும் அது சரியென்றே சொல்வேன். ஆனால் வேண்டாம் என்று சொன்ன அன்றே அந்தச் செலவை நம் தலையில் ஏற்றிக்கொண்டோம். வேறு யாரும் கொடுக்கப்போவதில்லை.

"பிளாக்குக்கு 0.6 மொனேரோ வந்துகொண்டே இருக்கிறதே, அதில் கொடுக்கலாமே" என்றும் ஒருவர். 2022 ஜூனில் தொடங்கிய அந்த நிரந்தர வெளியீடு (டெயில் எமிஷன்) முழுக்க, கணினி ஓட்டி பிளாக் கட்டும் மைனர்களுக்கு. அதில் ஒரு பைசா ஆராய்ச்சிக்கு வராது. இரண்டு வருடம் குழுவில் இருந்துகொண்டு இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் என்ன சொல்வது.

நம் நன்கொடைக் காசு என்ன செய்தது என்று கேட்பவர்கள் 2018 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். தொகையைக் காட்டாமலே கணக்கு சரி என்று நிரூபிக்கும் புல்லட்புரூஃப்ஸ் வந்த அன்று ஒரு பரிவர்த்தனையின் அளவு சுமார் 80% குறைந்தது, கட்டணம் மளமளவென்று சரிந்தது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த கணிதம் அது. அதை மொனேரோவுக்குப் பொருத்தி எழுத ஆள் வேண்டியிருந்தது. குடெல்ஸ்கி, குவார்க்ஸ்லேப் போன்ற பாதுகாப்பு நிறுவனங்களில் கொடுத்து ஆடிட் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் நன்கொடையில் நடந்தது. 2020 அக்டோபரில் சிஎல்சாக் என்ற சுருக்கமான கையெழுத்து முறை வந்து அளவு மேலும் கால்பங்கு குறைந்தது. அந்தக் கணிதத்தில் உழைத்தவரும் மூன்று மூன்று மாதமாகத்தான் சம்பளம் கேட்டு வந்துகொண்டிருந்தார். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர், அடுத்த மூன்று மாதம் வேலை உண்டா என்று ஊரைக் கேட்டு நிற்கிறார். நாம் அவரிடம் பற்று இருக்கிறதா என்று கேட்கிறோம்!

அதே 2020-இல் அமெரிக்க வருமான வரித்துறை மொனேரோவைத் துப்புத் துலக்க 6,25,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. உடைக்க வருகிறவர்களிடம் யாரும் சும்மா செய் என்று சொல்லவில்லை. காக்கிறவரிடம்தான் சொல்கிறோம்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு அப்பாதான் தலைக்கட்டு வரி நோட்டு எழுதுவார். வாணவேடிக்கைக்கு எவ்வளவு ஆனாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சீரியல் லைட்டுக்கும் அப்படித்தான். நாதஸ்வரக்காரர் கூலி என்ற வரி வரும்போது மட்டும், "அம்மனுக்கு வாசிப்பதற்குக் கூலியா?" என்று ஒரு குரல் எழும்பும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு வருடம் அவர் வரவில்லை. பக்கத்து ஊரில் முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். அந்த வருடம் சப்பரம் ஒலிபெருக்கிப் பாட்டோடு புறப்பட்டது. அப்பா அன்று வீட்டு வாசலுக்கே வரவில்லை.

சும்மா செய்வது எப்படி என்று எனக்கும் தெரியும். ஒரு வாலட் செயலி மலிவான ஃபோன்களில் நெட்வொர்க்கோடு ஸிங்க் ஆகும்போது நின்றுவிடும். அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். பிறகு மகள் பிறந்தாள். பகலில் ஆபீஸ், ராத்திரியில் தொட்டில். பாதி எழுதிய நிரல் இன்றும் பழைய லேப்டாப்பில் கிடக்கிறது. பற்று போய்விடவில்லை, நேரம்தான் போனது. மாதம் ஒரு சின்னத் தொகை வந்திருந்தால் முடித்திருப்பேன்.

"பிட்காயினில் சும்மா செய்கிறார்களே" என்பார்கள். 2015-இல் பிட்காயின் ஃபவுண்டேஷனிடம் பணம் தீர்ந்தபோது முக்கியமான மூன்று டெவலப்பர்களை எம்ஐடி எடுத்துக்கொண்டது. இன்று பிரிங்க், ஓப்பன்சாட்ஸ் போன்ற அமைப்புகள் மானியம் கொடுக்கின்றன. சும்மா ஓடுகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நினைப்பு.

திருட்டைச் சொல்பவர்களிடம் மட்டும் எனக்குக் கோபமில்லை. 2023 செப்டம்பரில் நம் நன்கொடை சேரும் பொது நிதி வாலட்டிலிருந்து சுமார் 2,675 மொனேரோ போனது. நமக்குத் தெரியவந்தது நவம்பரில். நான் போட்டதும் அதில் இருந்தது, எனக்கும் வலித்தது. பணத்தை வைத்திருக்கும் முறையைக் கேளுங்கள், சாவி யார் யாரிடம் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் காசைத் திருடியவன் வேறு, கூலி கேட்டு நிற்பவர் வேறு. அவன் செய்ததற்கு இவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

2025 செப்டம்பரில் மொனேரோ சங்கிலியின் கடைசி 18 பிளாக் ஒரேயடியாக ரத்தாகி வேறாக மாறியபோது குழுவில் முதலில் கத்தியவர்கள் யார்? "டெவலப்பர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?" என்று நேற்றுக் கைதட்டிய அதே ஆட்கள்தான் கேட்டார்கள். இப்போது ஒரு செலவு, எது உண்மையானது என்று தெரியாதபடி, சங்கிலியில் உள்ள 16 பழைய வரவுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதைச் சங்கிலியில் உள்ள அத்தனை கோடி வரவுகளுக்குள்ளும் ஒளித்துவைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஆராய்ச்சி வேண்டும், ஆடிட் வேண்டும், உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். புதிதாக வர நினைக்கும் ஒரு பையன் நேற்றைய பேச்சைப் படித்திருந்தால் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

ப்ரொபோசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. என் பங்கை இன்று காலையே அனுப்பிவிட்டேன்.

கமிஷன் கேட்ட தம்பி, போன வருடம் உங்கள் வாலட் திறக்கவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்தீர்கள். வாலட்டை மீட்கும் ரகசிய (சீட்) வார்த்தை 25-ஐயும் ஒவ்வொன்றாக நீங்களே சரிபார்த்து முடிக்கும் வரை ஒன்றரை மணி நேரம் போனில் இருந்தேன். அன்றைக்கு உங்களிடம் என்ன கேட்டேன்?